ஹாக்கி அணியின் அச்சாணி: லெஸ்லி கிளாடியஸ்

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று சொல்லாத தமிழர் இல்லை. ஆனால் விளையாட்டுத் திடலில் ஆள் பிரிக்கும் நேரத்தில் அந்தப் பழமொழி எவருக்கும் நினைவுக்கு வருவதில்லை. எங்கள் குயிலாப்பாளையத்துச் செம்மண் திடலில் மாலை வேளையில் இரண்டு கட்சியாகப் பிரியும்போது, நெட்டையான பையன்களை முதலில் அழைத்துக்கொள்வார்கள். குட்டையானவன் கடைசி வரை நின்றுகொண்டே இருப்பான். அப்படிக் கடைசியில் நின்ற அனுபவம் இதை எழுதுபவனுக்கும் உண்டு. பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் அணித் தேர்வு நடக்கும்போதும் பல இடங்களில் இதே கதைதான். திறமையைப் பார்ப்பதற்கு முன்பே கண்ணால் உயரத்தை அளந்துவிடுகிறோம்.

உயரம் குறைந்த ஒருவன் உலகத் தரமுள்ள ஆட்டக்காரனாக முடியுமா? இந்தக் கேள்விக்கு வாதத்தால் விடை சொல்வதைவிட, ஒரு வாழ்க்கையால் விடை சொல்வது நல்லது. ஐந்தடி நான்கு அங்குல உயரமே உடைய ஒருவர் நான்கு ஒலிம்பிக் போட்டிகளில் இந்திய ஹாக்கி அணியில் இடம்பெற்று, மூன்று தங்கப் பதக்கங்களும் ஒரு வெள்ளிப் பதக்கமும் பெற்றார். நான்கு ஒலிம்பிக் போட்டிகளில் பங்கேற்ற முதல் ஹாக்கி வீரர் என்றும், நூறு பன்னாட்டு ஆட்டங்களைத் தொட்ட முதல் வீரர் என்றும் அவரைக் குறிப்பிடுவர். அவர்தாம் லெஸ்லி வால்டர் கிளாடியஸ். அவர் மறைந்து ஆண்டுகள் பல கழிந்துவிட்டன. ஆனால் அவர் வாழ்வு நமக்குச் சொல்லும் செய்தி இன்னும் பழையதாகவில்லை.

பிறப்பும் இளமையும்

கிளாடியஸ் 1927ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் பிலாஸ்பூரில் பிறந்தார். அன்று மத்திய மாகாணத்தில் இருந்த அந்த ஊர் இன்று சத்தீஸ்கர் மாநிலத்தில் உள்ளது. அவர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பிலாஸ்பூர் ஓர் இரயில்வே ஊர். தண்டவாளமும் பணிமனையும் குடியிருப்பும் அவற்றுக்கு நடுவே ஒரு விளையாட்டுத் திடலும் அமைந்த அத்தகைய ஊர்களில் ஹாக்கியும் கால்பந்தும் அன்றாட வாழ்வின் பகுதிகள். வேலை முடிந்தவுடன் பெரியவர்கள் திடலுக்கு வருவார்கள். அவர்களைப் பார்த்துச் சிறுவர்கள் கற்றுக்கொள்வார்கள். அந்நாளில் இந்திய ஹாக்கி அணிக்கு ஆங்கிலோ இந்திய இளைஞர்கள் பெருந்தொகையில் சென்றதற்கு இந்த இரயில்வேத் திடல்களே காரணம் எனலாம்.

ஆனால் வியப்பு என்னவென்றால், கிளாடியஸ் முதலில் விரும்பியது ஹாக்கியை அன்று, கால்பந்தையே. பெங்கால் நாக்பூர் இரயில்வேயின் முக்கிய மையமாக விளங்கிய காரக்பூருக்கு வந்தபோதும் அவர் கால்பந்து வீரராகவே அறியப்பட்டார். ஒருநாள் அங்கே இரயில்வே ஹாக்கி அணியினர் பயிற்சி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தனர். அதில் ஓர் ஆள் குறைந்தது. அந்த அணியில் இருந்த டிக்கி கார் என்னும் மூத்த வீரர், வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த இந்த இளைஞரை உள்ளே அழைத்துக் கையில் மட்டையைக் கொடுத்தார். டிக்கி கார் 1932ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வென்ற இந்திய அணியைச் சேர்ந்தவர்; நல்ல ஆட்டக்காரனை அடையாளம் காணத் தெரிந்தவர்.

இங்கே நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஆள் குறைந்ததால் அழைக்கப்பட்டவர் அவர். பதினொரு பேரும் வந்திருந்தால் அந்தச் சிறிய உருவம் எல்லைக்கோட்டுக்கு வெளியிலேயே நின்றிருக்கும். ஆனால் ஒருமுறை களத்தில் இறங்கியவுடன் உயரம் மறைந்துபோயிற்று, ஆட்டம் தெரிந்தது. டிக்கி கார் அந்த இளைஞரைத் தொடர்ந்து ஆட வைத்தார். 1946ஆம் ஆண்டு வங்காளத்தின் புகழ்பெற்ற பெய்ட்டன் கோப்பைப் போட்டியில் பெங்கால் நாக்பூர் இரயில்வே அணிக்காக அவர் ஆடினார். 1895ஆம் ஆண்டிலிருந்து நடந்துவரும் அந்தப் போட்டி, அன்று இந்திய ஹாக்கியின் நுழைவாயில் போன்றது. பிறகு அவர் கல்கத்தாத் துறைமுக அணிக்கும், 1949 அளவில் கல்கத்தாச் சுங்கத்துறை அணிக்கும் சென்றார். சுங்கத்துறையே அவருடைய நிலையான இல்லமாயிற்று.

அந்நாளில் ஹாக்கி ஆடுவதற்கென்று தனிச் சம்பளம் கிடையாது. இரயில்வே, துறைமுகம், சுங்கம், காவல்துறை, இராணுவம் ஆகியவை தந்த வேலைதான் வீரனுக்குப் பிழைப்பு. பகலில் அலுவலகம், மாலையில் திடல் என்பதே வழக்கம். அந்த வேலை கிடைக்க வேண்டுமானால் ஆட்டம் சிறந்திருக்க வேண்டும். எனவே உயரம் குறைந்த ஒருவருக்கு அணியில் இடம் கிடைப்பது என்பது வெறும் பெருமைக்குரிய செய்தி அன்று. சோற்றுக்குரிய செய்தியும் ஆகும்.

அவர் தேர்ந்த இடம்

கிளாடியஸ் ஆடிய இடம் ரைட் ஹாஃப் எனப்படும் வலது இடைவரிசை. அந்தக் காலத்து அணி அமைப்பைச் சற்றுச் சொன்னால்தான் இதன் அருமை விளங்கும். முன்வரிசையில் ஐவர், இடைவரிசையில் மூவர், பின்வரிசையில் இருவர், கடைசியில் கோல் காவலர் என்று பதினொருவர் நிற்பர். முன்வரிசையினர் கோல் அடிப்பர். செய்தித்தாளில் அவர்கள் பெயர் வரும். பின்வரிசையினர் எதிரியை மறிப்பர். அவர்களையும் மக்கள் அறிவர். நடுவில் நிற்கும் இடைவரிசைக்காரனோ இரண்டு வேலைகளையும் செய்ய வேண்டும். எதிரியின் இடது ஓரத்தில் ஓடிவரும் விரைவான ஆட்டக்காரனைத் தடுத்துப் பந்தைப் பறிக்க வேண்டும். பறித்த பந்தைத் தன் முன்வரிசைக்குத் தக்க நேரத்தில், தக்க இடத்தில் கொடுக்க வேண்டும். ஆட்டம் முழுவதும் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

உருவத்தைக் கண்டு ஒருவரை இகழலாகாது என்பதற்கு வள்ளுவப் பெருந்தகை உருண்டு செல்லும் பெருந்தேரின் அச்சாணியைச் சான்று காட்டினார். இந்திய ஹாக்கி என்னும் தேருக்குக் கிளாடியஸ் அத்தகைய அச்சாணியாகத் திகழ்ந்தார். தேரைப் பார்ப்பவர் கண்ணுக்கு அச்சாணி தெரிவதில்லை. ஆனால் அது கழன்றால் தேர் நகராது.

அவருடைய சிறப்புக்கள் மூன்று. முதலாவது, முன்னறிவு. எதிரி பந்தை எங்கே அனுப்பப் போகிறான் என்பதை அவன் அனுப்புவதற்கு முன்பே ஊகித்து அந்த இடத்தில் போய் நிற்பார். நீண்ட கால்களும் நீண்ட கைகளும் உடையவன் கடைசி நொடியில் எட்டிப் பந்தைத் தடுத்துவிடலாம். குட்டையானவனுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே அவன் ஒரு நொடி முன்னதாகவே அங்கே இருந்தாக வேண்டும். கைக்கு எட்டாததைக் கிளாடியஸ் கருத்தால் எட்டினார். இரண்டாவது, பந்தைப் பறிப்பதில் இருந்த தூய்மை. இடித்தும் தள்ளியும் ஆடுவது அவர் வழியன்று. மட்டை பந்தைத்தான் தொடும், ஆளைத் தொடாது. மூன்றாவது, பந்தைக் கொடுக்கும் துல்லியம். தம் முன்வரிசைக்காரர் ஓட்டத்தை நிறுத்தாமலே பெற்றுக்கொள்ளும்படி அவர் பந்தை அனுப்புவார்.

ஹாக்கி ஆட்டத்தின் இயல்பே இதற்கு இடம் தருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கூடைப்பந்தில் வளையம் தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருக்கிறது. கைப்பந்தில் ஆடவர் வலையின் உயரம் 2.43 மீட்டர். அங்கே உயரம் ஒரு செல்வம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஹாக்கியில் பந்து பெரும்பாலும் தரையோடு தரையாக உருளுகிறது. ஆறடி உயரக்காரனும் குனிந்துதான் அதைத் தொட வேண்டும். குட்டையானவனுக்குக் குனிவது எளிது. சட்டென்று திரும்புவதும் எளிது. மேலும் எதிரியின் உடலில் மோதுவதும் தள்ளுவதும் ஹாக்கி விதிப்படி குற்றம். ஆகவே பருமனும் பலமும் மட்டுமே வெல்லாதபடி விதியும் ஒரு காவல் போட்டிருக்கிறது.

தங்கம் வென்ற நாட்கள்

1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணியில் கிளாடியஸ் இடம்பெற்றார். அப்போது அவருக்கு வயது 21. விடுதலை பெற்ற இந்தியா தன் கொடியின் கீழ்ப் பங்கேற்ற முதல் ஒலிம்பிக் அது. கிஷன் லால் தலைவர், கே. டி. சிங் பாபு துணைத்தலைவர். 1928, 1932, 1936 ஆகிய மூன்று போட்டிகளிலும் இந்தியா தங்கம் வென்றபோது பிரிட்டன் ஹாக்கி அணியை அனுப்பவேயில்லை. 1948இல்தான் இரு நாடுகளும் ஒலிம்பிக்கில் சந்தித்தன. ஆகஸ்டு 12ஆம் நாள் வெம்பிளி அரங்கில் நடந்த இறுதியாட்டத்தில் இந்தியா 4-0 என்று வென்றது. விடுதலையின் முதல் ஆண்டு நிறைவுக்கு மூன்றே நாட்கள் இருந்தன. நம்மை ஆண்டவர்களை அவர்கள் மண்ணிலேயே வென்ற அந்த அணியில் ஒருவராக இருந்ததே அவ்விளைஞருக்குப் பெரும்பேறு.

1952இல் ஹெல்சிங்கியில் அவர் இடைவரிசையின் முக்கிய வீரர். கே. டி. சிங் பாபு தலைமை தாங்கினார். இறுதியாட்டத்தில் நெதர்லாந்தை இந்தியா 6-1 என்று தோற்கடித்தது. ஆறு கோல்களில் ஐந்தைப் பல்பீர் சிங் அடித்தார். 1956இல் மெல்போர்னில் பல்பீர் சிங் தலைவர். அந்தப் போட்டியில் இந்தியா ஐந்து ஆட்டங்களில் 38 கோல்கள் அடித்தது; ஒரு கோல்கூட வாங்கவில்லை. இறுதியாட்டத்தில் பாகிஸ்தானை 1-0 என்று வென்றது. 38 கோல்களைப் பேசுகிறவர்கள் பலர். ஆனால் எதிரே இருந்த அந்தச் சுழியத்தையும் நாம் பேச வேண்டும். அந்தச் சுழியத்தை எழுதியவர்கள் இடைவரிசையும் பின்வரிசையும் கோல் காவலர்களுமே. 1948, 1952, 1956 ஆகிய மூன்று அணிகளிலும் இடம்பெற்ற கோல் காவலர் ரங்கநாதன் பிரான்சிஸ் நம் சென்னையில் வாழ்ந்தவர் என்பது தமிழர்க்குப் பெருமை.

ரோம் நகரத்து நாள்

1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கிற்குக் கிளாடியஸ் அணித்தலைவரானார். வயது 33. ஆம்ஸ்டர்டாமில் 1928இல் தொடங்கிய வெற்றி வரிசை அறுபடாமல் வந்துகொண்டிருந்தது. டென்மார்க், நெதர்லாந்து, நியூசிலாந்து ஆகிய அணிகளை இந்தியா வென்றது. காலிறுதியில் ஆஸ்திரேலியாவைக் கூடுதல் நேரத்தில் 1-0 என்றும், அரையிறுதியில் பிரிட்டனை 1-0 என்றும் வென்றது. ஒலிம்பிக்கில் தொடர்ந்து பெற்ற 30ஆவது வெற்றி அது.

செப்டம்பர் 9ஆம் நாள் இறுதியாட்டம். எதிரே பாகிஸ்தான். ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே நசீர் புந்தா ஒரு கோல் அடித்தார். அதன்பின் இந்தியா எவ்வளவு முயன்றும் அந்தக் கோலைத் திருப்ப முடியவில்லை. 0-1. முப்பத்திரண்டு ஆண்டுகள் நம்மிடமே இருந்த தங்கம் அன்று கை மாறியது.

ஒரு தலைவனுக்கு இதைவிடக் கடுமையான சோதனை வேறென்ன இருக்க முடியும்? மூன்று தங்கம் வென்றவர், நான்காவது முறை தலைவராக நின்றபோது தோற்றார். மற்ற நாட்டார்க்கு வெள்ளிப் பதக்கம் விழாக் கொண்டாடத் தக்கது. நம் நாட்டில் அன்று அது துக்கச் செய்தி. ஆயினும் ஒன்றை நடுநிலையோடு சொல்ல வேண்டும். அந்தத் தோல்விக்கு அவருடைய உயரம் காரணமன்று. நம்மோடு ஒரே திடலில் ஆடிப் பழகி, நாட்டுப் பிரிவினைக்குப் பின் தனியணியாக வளர்ந்தவர்கள் நமக்கு நிகராகிவிட்டனர் என்பதே உண்மை. கிளாடியஸ் அந்தத் தோல்வியைத் தம் வாழ்நாள் முழுவதும் கண்ணியத்தோடு சுமந்தார்.

ரோமே அவருடைய கடைசி ஒலிம்பிக். நான்கு ஆண்டுகளுக்குப் பின் 1964இல் டோக்கியோவில் இந்தியா பாகிஸ்தானை 1-0 என்று வென்று தங்கத்தை மீட்டது. 1952 முதல் 1964 வரை ஆடிய உதம் சிங்கும் மூன்று தங்கம், ஒரு வெள்ளி பெற்றுக் கிளாடியஸின் சாதனைக்கு நிகராக நின்றார்.

பிற்கால வாழ்வு

விடுதலைக்குப் பின் ஆங்கிலோ இந்தியர் பலர் ஆஸ்திரேலியாவுக்கும் பிற நாடுகளுக்கும் குடிபெயர்ந்தனர். ஜபல்பூரிலிருந்து சென்ற பியர்ஸ் சகோதரர்கள் ஐவர் ஆஸ்திரேலிய ஹாக்கி அணிக்கே ஆடினர். கிளாடியஸ் போகவில்லை. கல்கத்தாவிலேயே சுங்கத்துறைப் பணியில் இருந்து, அங்கேயே வாழ்ந்து, அங்கேயே முதுமை எய்தினார். 1971இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்குச் சென்ற இந்திய அணிக்கு மேலாளராகவும் பணியாற்றினார். 1978இல் ஹாக்கியில் வளர்ந்துவந்த மகனைச் சாலை விபத்தில் பறிகொடுத்தார். தந்தையின் மட்டையை ஏந்த வேண்டிய கை மறைந்துபோனது அந்தக் குடும்பத்துக்குத் தீராத துயரம்.

2012இல் இலண்டன் மாநகர் மீண்டும் ஒலிம்பிக்கை நடத்தியபோது, அந்நகரத்துச் சுரங்க இரயில் வரைபடம் ஒன்றில் நிலையங்களுக்கு ஒலிம்பிக் வீரர்களின் பெயர்களை இட்டனர். தியான் சந்த், ரூப் சிங் ஆகியோரோடு கிளாடியஸின் பெயரும் அதில் இடம்பெற்றது. ஓர் இரயில்வே ஊரில் பிறந்து, இரயில்வே அணியில் மட்டை பிடித்தவரின் பெயர் ஓர் இரயில் நிலையத்துக்கு வைக்கப்பட்டது எத்துணைப் பொருத்தம்! அதே ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள், 85ஆம் வயதில், கொல்கத்தாவில் அவர் காலமானார்.

இன்றைய ஆட்டமும் நாமும்

இதைப் படிக்கும் நண்பர் சிலர், அது அந்தக் காலம், இன்று முடியுமா என்று கேட்கலாம். கேட்பது நியாயமே. 1976ஆம் ஆண்டு மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத் தளத்தில் ஹாக்கி ஆடப்பட்டது. அவ்வாண்டு இந்தியா ஏழாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. செயற்கைத் தளத்தில் பந்து புல்தரையில் ஓடுவதைவிட வேகமாக ஓடுகிறது. ஆட்டக்காரனும் அதே வேகத்தில் ஓட வேண்டும். பின்னர் ஆஃப்சைடு விதியும் நீங்கியது. பெனால்டி கார்னரில் மட்டையால் இழுத்து வீசும் அடிக்குத் தோள்வலிமை தேவைப்படுகிறது. நீண்ட கைகளுக்கும் உரமான உடலுக்கும் இன்று மதிப்புக் கூடியிருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. குட்டையானவன் அந்தக் குறையை ஓட்டத்தாலும் உடற்பயிற்சியாலும் ஈடுசெய்தாக வேண்டும். முன்னைவிட இன்று அவனுக்கு உழைப்பு அதிகம்.

ஆனால் கதவு மூடப்படவில்லை. செயற்கைத் தளத்திலும் பந்து தரையில்தான் உருளுகிறது. ஆளை இடிப்பது இன்றும் குற்றம்தான். எதிரியின் எண்ணத்தை முன்கூட்டியே அறிபவனுக்கு, வேகம் கூடக் கூட மதிப்பும் கூடும். வேகமான ஆட்டத்தில் சிந்தித்துக்கொண்டு நிற்க நேரமில்லை அல்லவா? அன்று வேலைக்காக ஆடினார்கள். இன்று ஏலத்தில் வீரர்களை எடுக்கும் ஹாக்கி இந்தியா லீக் இருக்கிறது. 2013இல் தொடங்கி, 2017க்குப் பின் நின்றிருந்த அந்தப் போட்டி 2024 டிசம்பரில் மறுபடி தொடங்கியபோது, அதில் தமிழ்நாடு டிராகன்ஸ் என்று நம் மாநிலப் பெயர் தாங்கிய அணியும் களமிறங்கியது.

இந்த ஆட்டம் நம் பகுதிக்கு அந்நியமானதும் அன்று. திண்டிவனத்துக்கு வடக்கே, செங்கல்பட்டு மாவட்டத்து மொரப்பாக்கத்தில் 1909இல் பிறந்த எம். ஜே. கோபாலன், இந்தியாவுக்காகக் கிரிக்கெட், ஹாக்கி இரண்டும் ஆடியவர். 1980இல் மாஸ்கோவில் தங்கம் வென்ற இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர் சென்னையின் பாஸ்கரன். கிராமத்து மாணவர்களுக்கு மட்டையும் திடலும் கிடைத்தால் இன்னும் பலர் வருவர் என்பதில் ஐயமில்லை.

ஆகவே அணியைத் தேர்ந்தெடுக்கும் பெரியவர்களுக்கு இந்த இளையவனின் வேண்டுகோள் ஒன்றுண்டு. குட்டையானவன் என்பதற்காக எவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டாம். குட்டையானவன் என்பதற்காக எவரையும் ஒதுக்கவும் வேண்டாம். பத்து நிமிடம் களத்தில் இறக்கிப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள். டிக்கி கார் செய்தது அவ்வளவுதான்.

கடைசி வரை நின்றுகொண்டிருக்கும் தம்பிகளுக்கும் ஒரு சொல். உயரத்தை வளர்ப்பது நம் கையில் இல்லை. நமக்கேற்ற இடம் எது என்று கண்டுகொள்வதும், அந்த இடத்துக்கு வேண்டிய ஆற்றலை நாள்தோறும் வளர்ப்பதும் நம் கையில் உள்ளன. கிளாடியஸ் அதைச் செய்தார். ஆள் குறையும் நாள் என்றைக்காவது வரும். அன்று அழைப்பு வரும்போது கையில் மட்டை பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.